பூப்போட்ட கோப்பை

அத்தைக்காக நடத்திய இரங்கல் கூட்டத்தில் எழுந்து பேசியவர்கள் அத்தனை பேரும் பூப்போட்ட கோப்பையில் தேநீர் குடித்தவர்கள். முட்டை துடைத்த கை ஒன்றுகூட அன்றைக்கு ஒலிபெருக்கியைத் தொடவில்லை. இதைச் சொன்னாலே எங்கள் வீட்டில் சிரித்துவிடுவார்கள். கோப்பை எது, முட்டை எது என்று தெரியாதவர்களுக்காக வரிசையாகவே சொல்கிறேன்.

அத்தை என்றால் என் மாமியார். ஊருக்கு வாத்துக்காரம்மா. தொண்ணூறைத் தாண்டியும் விடியுமுன் கொட்டகைக்குப் போய், சேற்றில் குனிந்து முட்டை பொறுக்கியவர். அவர் கல்யாணமாகி வந்தபோது அந்த நிலத்தில் வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் நிற்குமாம். மாமனார் கிழங்கு போட்டார், அழுகியது. மறுபடியும் போட்டார், மறுபடியும் அழுகியது. மூன்றாவது முறை விதைக் கிழங்கு வாங்கக் கிளம்பியவரைப் பார்த்து, "நிலம்தான் வாயைத் திறந்து சொல்லுதே, உங்களுக்குக் காது எங்க போச்சு? தண்ணியில நிக்கத் தெரிஞ்சதைக் கொண்டுவந்து விடுங்க" என்றாராம். அப்படி வந்தவைதான் வாத்துகள்.

அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் கணவருக்கு ஈரத்துணி. எதைச் சொன்னாலும் உறிஞ்சிக்கொண்டு சும்மா கிடப்பாராம். என் நாத்தனாருக்கு முள். எனக்குப் பேனா. கல்யாணமான புதிதில் அவர் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதிக்கொடுத்தேன், அதனால் வந்தது. காய்ச்சல்காரர்கள் வீட்டுக்கு முட்டை கொடுத்தனுப்புவார். வாங்க வந்த ஆளை, "இழவு வீட்டுல நிக்கிறாப்புல நிக்காதே. இந்தா, கொண்டுபோய் அவிச்சுக் கொடு, அவ எந்திரிச்சுடுவா" என்று விரட்டுவார். திட்டாமல் ஒரு முட்டைகூட அந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. ஊரில் பாதிப்பேர் அந்தத் திட்டை வாங்கி வளர்ந்தவர்கள்.

இனி முட்டை விஷயம். வாத்து முட்டை சேறும் எச்சமுமாகத்தான் கிடைக்கும். ஊறப்போட்டுக் கழுவினால் கெட்டுவிடும். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். காய்ந்து ஒட்டியதை நகத்தால் சுரண்ட வேண்டும். இரண்டு முட்டையை மெதுவாகத் தட்டிப் பார்த்தால் விரிசல் விழுந்தது மந்தமாகச் சத்தம் கொடுக்கும், அதைத் தனியே வைக்க வேண்டும். அத்தையின் சமையலறைக்குள் யார் நுழைந்தாலும், வந்தாயா, சாப்பிட்டாயா என்ற கேள்வியெல்லாம் கிடையாது. மடியில் ஒரு கூடை வந்து உட்காரும். கையில் ஈரத்துணி. "துடை. வாய் பாட்டுக்குப் பேசட்டும், கை சும்மா இருக்கக் கூடாது."

நான் முதல்முறை அந்த வீட்டுக்குப் போனது புதுத் துணி உடுத்திக்கொண்டு. பேருந்தில் அரை நாள் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். கூடையைத் தூக்கி மடியில் வைத்தார். எச்சம் என் புது முந்தானையில் ஒழுகியது. அன்று கிணற்றடியில் நின்று அழுதேன். என் கணவர் வந்து, "எதுக்கு அழறே? உன்னை உள்ள சேத்துக்கிட்டாங்க" என்றார். இந்த ஆளுக்குக் கிறுக்கு என்று நினைத்தேன்.

பூப்போட்ட கோப்பையை முதல்முறை பார்த்த பிறகுதான் அவர் சொன்னது புரிந்தது.

அது அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். வெள்ளைப் பீங்கான், ஊதாப்பூ, பொன்விளிம்பு, கூடவே அதே பூப்போட்ட தட்டு. எங்களுக்கெல்லாம் நசுங்கிய தகரக் குவளைதான். தீவனக்காரர் ஒரு தடவை தவிட்டில் மணல் கலந்து அனுப்பிவிட்டார். அத்தை ஒரு பிடி அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார், துப்பினார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை அந்த ஆள் வந்தபோது பார்க்க வேண்டுமே! "வாங்க வாங்க. உக்காருங்க. வீட்டுல எல்லாரும் சுகந்தானே?" குரலில் அப்படி ஒரு தேன். மேல்தட்டிலிருந்து கோப்பை இறங்கியது. அந்த ஆள் காலை நீட்டி உட்கார்ந்து உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தார். போனதும் அத்தை கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "அவ்வளவுதான். இனிமே அந்த ஆளுக்கு இந்த வீட்டுல வேலை இல்லை" என்றார். அதற்குப் பிறகு ஒரு மூட்டைகூட அவரிடம் வாங்கவில்லை. வந்தால் நாற்காலியும் கோப்பையும் உண்டு. அந்த மனிதரோ, ஊரிலேயே தனக்கு மட்டும்தான் வாத்துக்காரம்மா இவ்வளவு மரியாதை கொடுக்கிறார் என்று இன்று வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

என் கணவரின் அண்ணன் கதையும் அதேதான். அவரை நாங்கள் பெரியவர் என்போம். நகரத்தில் பெரிய அலுவலகம், பெரிய நாற்காலி, பெரிய தொந்தி. சின்ன வயதில் அவருக்கு அம்மா வைத்த பெயர் தவக்களை. குட்டையில் குதித்துக் குதித்து வாத்துகளை விரட்டி மேய்ப்பாராம். எதற்கெடுத்தாலும் "அடேய் தவக்களை"தான்.

ஒரு கோடையில் வாத்துகளுக்கு நோய் வந்தது. கழுத்துத் துவண்டு, தலையைத் தூக்க முடியாமல், நின்ற இடத்திலேயே சரிந்தன. மாமனார் இறந்து அப்போது அதிக நாள் ஆகவில்லை. அத்தை, என் கணவர், நாத்தனார், நான், எல்லோரும் குழி தோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தோம். முழங்கால் வரை சேறு. மூக்கைத் துளைக்கும் நாற்றம். பெரியவர் அன்றைக்குத்தான் காரில் வந்து இறங்கினார். வெள்ளைக் காலணி. வரப்பில் நின்று, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "இதுக்கெல்லாம் முன்கூட்டியே திட்டம் போட்டிருக்கணும்மா" என்றார்.

அத்தை குழியிலிருந்து ஏறி வந்தார். கையைக் கழுவினார். அவரே உள்ளே போய் நாற்காலியைத் தூக்கிவந்து நிழலில் போட்டு, தூசியைத் தட்டினார்.

"உக்காருங்க. வெயில்ல நிக்காதீங்க."

கோப்பையில் தேநீரும் வந்தது. என் கணவர் மண்வெட்டியை அப்படியே நிறுத்திவிட்டார். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் உட்கார்ந்தார். குடித்தார். நாங்கள் புதைத்துக்கொண்டே இருந்தோம். அவர் இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதன்பிறகு அத்தை அவரைத் திட்டவேயில்லை. தவக்களை என்ற சொல்லே அந்த வீட்டில் செத்துப்போனது. வந்தால் நாற்காலி, கோப்பை, பிரயாணம் எப்படி, உடம்பு எப்படி. பெரியவர் பூரித்துப்போனார். "பாத்தியா, நம்ம உயரத்துக்கு ஏத்த மரியாதையை அம்மாவே கொடுக்கிறாங்க. ஒரு துரும்பை எடுத்துப்போட விடுறதில்லை" என்று தம்பியிடமே சொன்னார். தம்பி ஈரத்துணி அல்லவா, உறிஞ்சிக்கொண்டு சும்மா இருந்தார். நாங்கள் யாரும் அவரிடம் உண்மையைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டுமென்று எனக்குத் தோன்றியதும் இல்லை. பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு உறுத்தும். தீவனக்காரர் வந்தால் நாற்காலியும் கோப்பையும் மட்டும்தான். பெரியவர் வரும் நாளில் மட்டும் அத்தை வெந்நீர் வாளியைக் கொண்டுவந்து அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் வைப்பார். அதன் விளிம்பில் பிழிந்த துணி தொங்கும். கொஞ்சம் தள்ளி முட்டைக் கூடை. ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். பெரியவர் ஒவ்வொரு தடவையும், "யாரு இதை இங்க வெச்சது, கால் நனையுது" என்று வாளியைக் காலணியின் முனையால் ஒதுக்கிவைப்பார். அவர் போன பிறகு அத்தை அந்தத் தண்ணீரைக் கொட்டும்போது நாங்கள் யாரும் பக்கத்தில் போக மாட்டோம்.

இதுதான் முன்கதை. இனி கூட்டம்.

அத்தை போனதும் பெரியவர் ஒரு திட்டத்தோடு வந்தார். வீட்டை இடித்துக் கட்டி, நகரத்து ஆட்கள் வந்து தங்குகிற விடுதியாக்குவது. 'அம்மாவின் இல்லம்' என்று பலகை. நுழைவாசலில் அத்தையின் படம். வாத்துகளை விற்றுவிட்டு, குட்டையில் அழகுக்காக இரண்டு அன்னம் விடுவது. வாழ்நாளெல்லாம் அந்தக் கொட்டகையில் வேலை செய்து, கல்யாணம் கட்டாமல் அம்மாவோடு இருந்துவிட்ட தங்கைக்கு அவர் யோசித்து வைத்திருந்தது வரவேற்பு மேசை.

"நல்ல துணி உடுத்திக்கிட்டு, வர்றவங்களைச் சிரிச்சு வரவேற்கணும், அவ்வளவுதான். உனக்கும் வயசாகுதில்ல?" என்றார்.

"எனக்குச் சிரிக்க வராதே அண்ணா" என்றாள் நாத்தனார்.

"பழகிக்கலாம்."

"வாத்துகளை யாரு வாங்குறாங்க?"

"இறைச்சிக்காரன்கிட்டப் பேசிட்டேன். கூட்டம் முடிஞ்சதும் வண்டி வரும்."

அவள் தலையை ஆட்டிவிட்டுக் கொட்டகைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே தேய்த்துச் சுத்தமாக இருந்த தொட்டி. வீடு மூன்று பேர் பெயரில் இருந்தது. என் கணவர் தன் பங்கை அவளுக்கு விட்டுத்தருவதாகச் சொல்லிவிட்டார். பெரியவர் மசியாவிட்டால் அவளுக்கு அந்த வீடும் இல்லை, வாத்தும் இல்லை.

"அண்ணன் பேசுறப்ப கடைசியில என்ன சொல்லுவார், ஞாபகம் இருக்கா பேனா?" என்றாள். அத்தைக்குப் பிறகு அவள்தான் என்னை அப்படிக் கூப்பிடுகிறாள்.

எனக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை.

"அப்பா செத்தப்ப பேசினாரு. பள்ளிக்கூட விழாவுல பேசினாரு. ரெண்டு தடவையும் ஒரே முடிவுதான். கை தட்டுற வரைக்கும் இறங்க மாட்டாரு." தொட்டியைக் கவிழ்த்துவைத்துவிட்டு, முட்டை அடுக்குகிற வைக்கோலிலிருந்து ஒரு கை அள்ளி எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

கூட்டம் எங்கள் வீட்டு முற்றத்தில்தான் நடந்தது. வாடகை நாற்காலிகள், வாடகைப் பந்தல், வாடகைக்கு வந்தது போலவே அழுத சில உறவுக்காரர்கள். வாத்துகள் கத்தினால் மரியாதையாக இருக்காதென்று பெரியவர் அவற்றைப் பின்கட்டில் அடைக்கச் சொல்லியிருந்தார். அவர் மனைவி, என் ஓரகத்தி, கூட்டம் முழுக்க மூக்கில் வாசனைத் தைலம் தடவிக்கொண்டிருந்தாள்.

தீவனக்காரர் முதலில் பேசினார். "எனக்குன்னா அந்தப் பூப்போட்ட கோப்பையிலதான் தேநீர். வேற யாருக்குக் கொடுத்திருக்காங்க, சொல்லுங்க!" என்றார். கடைசி வரிசையில் முட்டை துடைத்து வளர்ந்த பெண்கள் குனிந்துகொண்டார்கள், தோள்கள் குலுங்கின. துக்கம் என்று நினைத்து யாரோ ஒருவர் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்து, குட்டையை ஒட்டிய நிலத்தை அத்தையிடமிருந்து அபகரிக்கப் பார்த்த பக்கத்து நிலத்துக்காரர். அவருக்கும் கோப்பை. அவருக்குப் பின்னால் ஒரு வைத்தியர், மாமனாரின் நெஞ்சுவலியை வாயு என்று சொல்லி அனுப்பியவர். அவருக்கும் கோப்பை. வரிசையாக வந்து, குரல் தழுதழுக்க, அத்தை தங்களை எவ்வளவு இனிமையாக நடத்தினார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இனிமையாம்!

கடைசியாகப் பெரியவர். போகும்போது நாத்தனார் அவர் காதருகில், "அண்ணா, கோப்பையைப் பத்தி நீங்களும் நாலு வார்த்தை சொல்லுங்க. தீவனக்காரர் என்னவோ தனக்கு மட்டும்தான்னு சொல்லிட்டுப் போறாரு" என்றாள்.

அது போதுமாக இருந்தது. தாய்மை என்றார், தியாகம் என்றார். அம்மாவின் சேறு படிந்த கைகளைப் பற்றி உருகினார். வரப்பில் கைக்குட்டையோடு நின்ற கால்கள்தான் இப்போது மேடையில் நின்றன. "நண்பர் தீவனக்காரருக்கு விருந்தாளி என்பதால் கொடுத்தார்கள். எனக்கு மகன் என்பதால் கொடுத்தார்கள். என்னை ஒரு வேலை செய்ய விட்டதில்லை. தன் கையால் நாற்காலி போட்டு, தன் கையால் அந்தக் கோப்பையில்..." இந்த இடத்தில் குரலை உடைத்தார். நன்றாகவே உடைத்தார். பிறகு வழக்கமான அதே முடிவுக்கு வந்தார், எதுவும் வேண்டாம் என்கிற முடிவு. "எனக்கு இந்த வீடு வேண்டாம், வாசல் வேண்டாம், நிலம் வேண்டாம். அம்மா என் கையில் கொடுத்த அந்த ஒரு கோப்பை போதும்!"

கைதட்டல். ஓரகத்தி தைலத்தைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். அவளுக்கு மட்டும் ஏதோ பொறி தட்டியிருக்க வேண்டும்.

நாத்தனார் எழுந்தாள். நிதானமாக முன்வரிசைக்கு நடந்தாள். அங்கே பத்திரம் எழுதுபவர் உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் எங்கள் சமையலறையில் முட்டை துடைத்தவர்.

"அண்ணன் சொன்னதைக் கேட்டீங்கள்ல?"

"கேட்டேன்."

"எழுதிடலாமா?"

"எழுதிடலாமே. ஊரே கேட்டுச்சு."

பெரியவர் இன்னும் மேடையில்தான் நின்றிருந்தார். "அது... நான் உணர்ச்சியில..." என்று ஆரம்பித்தார். ஒலிபெருக்கி அந்த "உணர்ச்சியில"வை முற்றமெங்கும் அனுப்பியது. தீவனக்காரர் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு, "என்ன மனசுய்யா உங்களுக்கு! அம்மா மாதிரியே!" என்றார். மறுபடியும் கைதட்டல். பின்கட்டில் வாத்துகள் மொத்தமாகக் கத்த ஆரம்பித்தன. அவற்றுக்குத் தீவன வாளிச் சத்தம் கேட்டால் போதும். வாளியை யார் தட்டினார்கள் என்று தெரியவில்லை, ஆனால் என் கணவர் அப்போது முற்றத்தில் இல்லை.

அவ்வளவு பேருக்கு முன்னால் வாங்கிய கைதட்டலைத் திருப்பிக் கொடுக்கப் பெரியவரால் முடியாது. அவரைப் பற்றி நான் சொல்லக்கூடிய ஒரே நல்ல விஷயம் அதுதான் என்றால், அதையும் நல்ல விஷயம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஓரகத்தி அன்று சாயங்காலம் முழுக்க அவரோடு பேசவில்லை. இறைச்சிக்காரரின் வண்டி வந்து வெறுமனே திரும்பிப் போனது. மறுநாள் காலை கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள்.

கிளம்புவதற்கு முன் பெரியவர் சமையலறைக்கு வந்தார். ஓரகத்தி காரிலேயே இருந்தாள். நாத்தனார் கோப்பையையும் தட்டையும் வைக்கோல் சுற்றி, முட்டைப் பெட்டி ஒன்றில் வைத்துக் கட்டித் தயாராக வைத்திருந்தாள்.

"இந்தாங்க அண்ணா. உங்களுது."

அவர் பெட்டியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். கண் நிஜமாகவே கலங்கியது. "வீடு போனாப் போகுது. அம்மா மனசு என்கிட்ட இருக்கு" என்றார். அப்படியே நம்பிவிட்டார் போலிருக்கிறது.

நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் போய் வெந்நீர் வாளியைத் தூக்கிவந்து நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, விளிம்பில் போட்டாள். கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். பிறகு தன் அம்மாவைப் போலவே அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். வீடு கைக்கு வந்துவிட்டது, இனி இது எதற்கு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவள் முதுகைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

பெரியவர் உட்கார்ந்தார். பெட்டி மடியில். வாளியைப் பார்த்தார். இந்த முறை காலால் தள்ளவில்லை. பிறகு கையை நீட்டி, துணியை எடுத்தார்.

அடுப்படியில் நாத்தனாரின் தோள் அசைந்தது. நான்கூடக் கூடையை அவர் பக்கம் நகர்த்தக் கை நீட்டினேன்.

அவர் குனிந்து, தன் காலணியில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தார். முதலில் வலது கால். பிறகு இடது. முனை, ஓரம், குதிகால் என்று ஒன்றையும் விடவில்லை. துணியை வாளியின் விளிம்பில் திரும்பப் போட்டுவிட்டு, "என்ன சேறு, என்ன சேறு. இதுல எப்படித்தான் இருக்கீங்களோ" என்றார்.

வெளியே கார் ஒலியெழுப்பியது.

"போயிட்டு வாங்க அண்ணா" என்றாள் நாத்தனார், திரும்பாமலே. "பாத்துப் போங்க. வழியில வெயில் ஜாஸ்தி."

குரலில் அப்படி ஒரு தேன்.

கார் சத்தம் ஓய்ந்த பிறகு அவள் அந்தத் துணியை இரண்டு விரலால் தூக்கி அடுப்பில் போட்டாள். ஈரத்துணி, உடனே பிடிக்கவில்லை. புகைந்து புகைந்து, அதற்கப்புறம்தான் எரிந்தது. அது எரிந்து முடியும் வரை நின்றாள். பிறகு ஒரு பழைய துணியைக் கிழித்து நனைத்து, பிழிந்து, கூடையோடு என் மடியில் கொண்டுவந்து போட்டாள்.

"உக்காந்துக்கிட்டு என்ன வேடிக்கை? துடை பேனா. எச்சம் காயுது."